எண்ணும் மதிப்பும்

எண்ணுதல் என்னும் தமிழ்ச் சொல் இரு பொருள்படும். ஒன்று, இரண்டு எனத் தொகையிடுவதும் எண்ணுதலே. ஒன்றை உள்ளத்தில் வைத்து ஆராய்வதும் எண்ணுதலே. மதிப்பு என்னும் சொல்லும் இத்தகையதே. இவ்வளவு இருக்கும் எனக் கணிப்பது மதிப்பு. ஒருவரைப் பொருட்படுத்திப் போற்றுவதும் மதிப்பு. 'சென்சஸ்' என்னும் சொல்லுக்கு இந்நாட்டு அரசாங்கத் தமிழ் 'தொகைமதிப்பு' என்பதாகும். எம் இளமையிற் பெரியோர் 'குடிசன மதிப்பு' என்றே வழங்கினர். உரோமரின் பழைய மொழியிலும் சென்சஸ் என்பதன் வேருக்கு மதிப்பிடுதல் என்பதே பொருள் என்பர் அம்மொழி வல்லார். குடிகளின் தொகையை அறிந்தபின் குடிகளை மதித்தோமா என்னும் வினா அச்சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. சொல்லாராய்ச்சியை இவ்வளவில் நிறுத்திப் பொருளுக்கு வருவேன்.

இலங்கையின் பதினைந்தாவது குடிசன மதிப்பு, 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாளை அளவை நாளாகக் கொண்டு எடுக்கப்பட்டது. பத்தாண்டு முறைப்படி முன்னரே வந்திருக்க வேண்டியது; கொள்ளைநோயும் அதனைத் தொடர்ந்த பொருளாதார வீழ்ச்சியும் அதனைப் பின்தள்ளின. முடிவில் நாம் ஏறத்தாழ 2 கோடியே 17 லட்சத்து 80 ஆயிரம் பேர் எனக் கண்டோம். 2012-ஆம் ஆண்டில் இத்தொகை 2 கோடியே 3 லட்சத்து 59 ஆயிரமாக இருந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு அரைப் பங்கு வீதமே பெருகியிருக்கிறோம். முதற் கணக்கு எடுக்கப்பட்ட 1871-இல் இத்தீவில் வாழ்ந்தோர் 24 லட்சம் பேர் மட்டுமே. அவ்வெண்களைப் பத்திரிகைகள் ஒரு நாள் தலைப்பிட்டு வெளியிட்டன. மறுநாள் வேறு செய்தி வந்துவிட்டது. திட்டமிடுவோரின் வேலையோ அந்த மறுநாளிலேதான் தொடங்க வேண்டும்.

எண்களைக் கையில் வைத்திருந்தும் எண்ணாது விட்டதனால் ஒரு நாடு என்ன விலை கொடுக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1946-ஆம் ஆண்டில் இலங்கையில் ஆயிரம் பேருக்கு 20 பேர் அளவில் இறந்தனர். 1947-இல் அது 14 ஆகக் குறைந்தது. ஒரே ஆண்டில் இத்துணை வீழ்ச்சியை உலகில் மிகச் சில நாடுகளே கண்டிருக்கும். மலேரியாக் கொசுவை அழித்த டி.டி.டி. மருந்தே காரணம் என்பர் சிலர். வைத்தியசாலைகளும் உணவுப் பங்கீடும் காரணம் என்பர் வேறு சிலர். அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். 1934, 1935-ஆம் ஆண்டுகளில் அந்நோய்க்கு ஏறத்தாழ 80 ஆயிரம் பேரைப் பலி கொடுத்த நாட்டுக்கு இது பெரும் பேறு. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்று: முன்னே இறந்திருக்கக்கூடிய குழந்தைகள் பிழைத்தன. 1953-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இதனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. 1946-இல் 66 லட்சமாக இருந்தோர் 81 லட்சத்தை எட்டியிருந்தனர்.

திட்டமிடற் செயலகம் அந்த எண்களைக் கொண்டு வருங்காலத்தைக் கணித்தது. 1956 முதல் 1981 வரைக்குமான மக்கட்டொகைக் கணிப்பினைச் செல்வரத்தினம் என்னும் அறிஞர் எழுத, அது 1959-இல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே பத்தாண்டுத் திட்டமும் வந்தது. எத்தனை பிள்ளைகள் பாடசாலைக்கு வருவர், எத்தனை இளைஞர் தொழில் தேடுவர் என்பதெல்லாம் ஏட்டில் ஏறிவிட்டது. பாடசாலைகளைக் கட்டினோம், இலவசக் கல்வி கொடுத்தோம், அதில் நாடு தவறவில்லை. தொழிலுக்குரிய பகுதியே ஏட்டோடு நின்றது. 1947-இற் பிழைத்த குழந்தைக்கு 1971-இல் வயது 24. அவ்வாண்டு ஏப்ரலில் தென்னிலங்கையிற் கிளர்ந்த இளைஞரிற் பலர் படித்தவர், தொழிலற்றவர். அதன் பின்னரே சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் தூதுக்குழு டட்லி சியர்ஸ் என்பார் தலைமையில் இங்கு வந்து, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் இடையே உள்ள பள்ளத்தை விரித்து எழுதியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எண்கள் சொன்னதை இரத்தம் சிந்திய பின்னர் வெளிநாட்டார் வந்து சொல்லவேண்டியதாயிற்று.

இது நாடு முழுமைக்குமான கதை. யான் வாழ்வது கண்டியில். இங்கிருந்து பார்க்கும்பொழுது எண்ணின் வேறொரு தன்மை புலப்படுகிறது. எண் பொய் சொல்வதில்லை. ஆயினும் எல்லையை எங்கே கீறுகிறோமோ அதற்கேற்பவே அது பேசும்.

கண்டி மாநகரை எடுத்துக்கொள்வோம். 1981-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாநகர எல்லைக்குள் வாழ்ந்தோர் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைந்தவர். 2012-ஆம் ஆண்டிலும் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைந்தவரே. முப்பத்தோராண்டாகக் கண்டி வளரவில்லை என்று இதனைக் கொண்டு ஒருவர் முடிவு கட்டினால், காலை ஏழு மணிக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் மேல் அவரை நிறுத்தி வைக்க வேண்டும். அக்குறணையிலிருந்தும் வத்தேகமையிலிருந்தும், திகனையிலிருந்தும் குண்டசாலையிலிருந்தும், பிலிமத்தலாவையிலிருந்தும் கெலிஓயாவிலிருந்தும் பஸ் வண்டிகள் சனத்தைக் கொண்டு வந்து கொட்டுகின்றன. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நடக்க இடமில்லை. இவர்கள் இரவில் உறங்குவது நகர எல்லைக்கு வெளியே. பகலில் நீர் குடிப்பதும் குப்பை போடுவதும் வைத்தியசாலையில் வரிசையில் நிற்பதும் நகருக்குள்ளே. குடிசன மதிப்போ ஒருவரை அவர் வழக்கமாக வாழும் இல்லத்திலேயே வைத்து எண்ணுகிறது. பகற்கண்டியின் தொகை அதன் பட்டியலில் இல்லை. குடிநீரும் வடிகாலும் வீதியும் பகற்கண்டிக்கே வேண்டும்.

இன்னுமொன்று. நகரம் எது, கிராமம் எது என்னும் வரையறை. மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குட்பட்டதே கணக்கெடுப்பில் நகரம். ஏனையவெல்லாம் கிராமம் அல்லது தோட்டம். முன்னர்ப் பட்டின சபைகள் இருந்தன. அவையும் நகரமாகவே கொள்ளப்பட்டன. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவை மறைந்து பிரதேச சபைகளில் அடங்கின. அந்நாள் முதல் அவ்வூர்கள் ஏட்டளவிற் கிராமங்களாயின. கடைகள் மூடப்படவில்லை, வீடுகள் இடிக்கப்படவில்லை, பெயர் மட்டும் மாறிற்று. 2012-இல் இலங்கை மக்களில் நூற்றுக்கு 18 பேரே நகரவாசிகள் என்று காணப்பட்டதற்கு இவ்வரையறையும் ஒரு பெருங் காரணம். அக்குறணையின் கடைத்தெருவில் நின்று இது கிராமம் என்று சொல்பவனைக் கண்டு சிரிக்காதவர் உண்டோ? அந்தத் தெரு சிறு மழைக்கே வெள்ளத்தில் மூழ்கும். நகரத்துக்குரிய வடிகால் திட்டம் 'கிராமத்துக்கு' எங்ஙனம் வரும்?

இனி யான் நெடுநாளாக நெஞ்சிற் சுமந்திருக்கும் செய்திக்கு வருகிறேன். இதழைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் இதனை நன்கறிவர். எனினும் எண்ணோடு பொருத்திப் பார்த்தல் நன்று.

பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமை வரிசைப்படி வழங்கப்படுகின்றன. 55 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் அவற்றின் மக்கட்டொகை விகிதப்படி பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கின்றன. 1970-களில் தரப்படுத்தல் என்னும் பெயரில் எழுந்து நாட்டைக் கலக்கிய ஏற்பாட்டின் பல திருத்தங்களுக்குப் பிந்திய வடிவம் இது. அதன் பழங்கதையை ஈண்டு விரிக்கப் புகேன். நோக்க வேண்டியது யாதெனின், குடிசன மதிப்பு நேராக ஒரு மாணவனின் வாழ்வைத் தொடும் இடம் இதுவே.

நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியன பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுட் சேர்ந்தவை. கண்டி அவற்றுட் சேராது. சேராமைக்குக் காரணம் வெளிப்படை. நூறாண்டு கடந்த பெருங்கல்லூரிகள் இங்குள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகம் இங்குள்ளது. 14 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டு நாட்டின் பெரிய மாவட்டங்களுள் ஒன்றாகவும் இருக்கிறது. மாவட்டச் சராசரி உயர்ந்தே நிற்கும். ஆனால், கண்டி மாவட்டம் என்பது வாவிக் கரை மட்டுமன்று. தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, நாவலப்பிட்டி மலைச்சரிவுகள், இறங்கலைக் குன்றுகள் ஆகியவையும் கண்டியே. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் இந்நாட்டின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டத்தை நட்ட லூல்கந்துரையும் கண்டி மாவட்டமே. அங்கெல்லாம் தமிழ் மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தர வகுப்பிற் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பது அரிதினும் அரிது.

புசல்லாவையிலிருந்து நுவரெலியா வீதியில் மேலேறிச் செல்லுங்கள். சில கட்டை தூரத்தில் மாவட்ட எல்லை கடந்துவிடும். எல்லைக்கு இப்பாலும் தேயிலை, அப்பாலும் தேயிலை. இப்பாலும் லயம், அப்பாலும் லயம். ஒரே மழை, ஒரே கூலி. அப்பாலுள்ள பிள்ளைக்குப் பின்தங்கிய மாவட்டத்தின் சலுகை உண்டு. இப்பாலுள்ள பிள்ளை மாவட்ட ஒதுக்கீட்டுக்காகக் கண்டி நகரத்துப் பெருங்கல்லூரி மாணவரோடு ஒரே வரிசையில் நின்று போட்டியிடல் வேண்டும். யான் கற்பித்த பிள்ளைகளுள் சிலர் ஓரிரு புள்ளியில் இடமிழந்தனர். அப்புள்ளியோடு வேலிக்கு அப்பால் இருந்திருப்பின் இடம் பெற்றிருப்பர். இதனை அவர்களுக்கு எவ்வாறு விளக்குவதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. சராசரி என்னும் போர்வை நீளமானது. ஆனால் அது மூடுவது குளிரில் நடுங்குபவனை அன்று, அவனைப் பற்றிய செய்தியை.

அப்படியாயின் மாவட்டத்தை விட்டுப் பிரதேச செயலாளர் பிரிவையோ பாடசாலையையோ அலகாகக் கொள்ளலாமே என்பர். கொள்ளலாம்; ஆனால் அதிலும் இடர் உண்டு. சலுகையுள்ள இடத்துக்குத் தேர்வெழுதுவதற்கென்றே குடிபெயரும் வசதி படைத்தோர் இப்பொழுதே உளர். அலகு சிறுக்கச் சிறுக்க அவ்வித்தை எளிதாகும். பிள்ளை முதலாம் வகுப்பு முதலாக எங்கே கற்றான் என்னும் பதிவோடு இணைத்தாலன்றி இது பயன்படாது. அப்பதிவு பாடசாலைகளிலேயே இருக்கிறது. கிராம உத்தியோகத்தர் பிரிவு வரையிலான குடிசனத் தரவும் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரு மேசையில் வைத்துப் பார்ப்பாரைத்தான் காணோம்.

தோட்டத்து மக்கள் எண்ணப்படாதவர் அல்லர். அவர்களைப் போல நாள்தோறும் எண்ணப்பட்டோர் இந்நாட்டில் வேறெவரும் இலர். விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் நிறுத்தி எண்ணினர். செக்றோல் புத்தகத்திற் பதிந்தனர். பிந்தி வந்தவளுக்கும் கொழுந்து குறைந்தவளுக்கும் 'அரைப் பேர்' என்றனர். 'பேர்' என்றால் அங்கு ஒரு நாட்கூலி. ஓர் ஆளை அரை ஆளாக எண்ணும் கணிதம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கே வாய்த்தது. இராசராச சோழன் காலத்து நிலவளவையில் முந்திரியும் அதற்குக் கீழ்ப்பட்ட பின்னங்களும் வரும் என்பதை மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த அரைப் பேர் நினைவுக்கு வரும். அங்கே அளந்தது வரிக்காக. இங்கே அளந்தது கூலிக்காக.

அரசியலிலும் அவ்வாறே. சோல்பரி அரசியலமைப்பின்படி 75 ஆயிரம் மக்களுக்கு ஓர் உறுப்பினரும், ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் உறுப்பினரும் எனத் தொகுதிகள் வகுக்கப்பட்டன. மலைநாட்டின் தொகையைத் தோட்ட மக்கள் உயர்த்தினர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் வாக்குரிமை பறிபோயிற்று. ஆனால் தொகுதிகள் அப்படியே இருந்தன. 1952, 1956-ஆம் ஆண்டுத் தேர்தல்களில் மலைநாட்டுத் தொகுதிகள் இம்மக்களின் தலையை எண்ணி வகுத்தவையாகவே இருக்க, வாக்காளர் இடாப்பில் அவர்களிற் பெரும்பாலோர் பெயர் இல்லாதிருந்தது. அவர்களின் தொகைக்குரிய உறுப்பினரை அயலார் தெரிந்தெடுத்தனர். எண் உண்டு, மதிப்பு இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு யான் கண்டிலேன்.

பிரதேச சபைகளுக்கும் இதே கதை. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018-இலேயே அது திருத்தப்பட்டது. பல ஆண்டுகளாகத் தோட்டத்து வாக்காளர் உறுப்பினரை அனுப்பினர். அவ்வுறுப்பினரால் அவர்தம் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல்லும் போட இயலவில்லை. மறுபுறத்தில், 2012-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நுவரெலியா, அம்பகமுவை என்னும் பிரதேச செயலாளர் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நெடுந்தீவுப் பிரிவிலோ ஐயாயிரம் பேரும் இலர். கடல் சூழ்ந்த நெடுந்தீவுக்குத் தனிச் செயலகம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டு லட்சம் பேர் ஒரே கதவைத் தட்டுவது முறையா என்பதே கேள்வி. இவ்வெண்களை எடுத்துக்காட்டி ஓயாது கேட்டதன் பின்னரே நுவரெலியா மாவட்டத்தில் புதிய பிரிவுகளை அமைக்க 2019-இல் முடிவாயிற்று. கேட்டவர் கையிலே புள்ளிவிபரம் இருந்தது. அது பயன் தந்தது. குடிசன மதிப்பு ஏழைக்கும் ஆயுதமாகும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்கிறேன்.

இப்பொழுது 2024-ஆம் ஆண்டுக் கணக்கு ஒரு புதிய சிக்கலைக் கொணர்ந்துள்ளது. 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்னும் இரு கூறு முதன்முதலாக 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே தோன்றியது. 1971-இல் இந்தியத் தமிழர் 11 லட்சத்து 74 ஆயிரம் பேர். 1981-இல் 8 லட்சத்து 18 ஆயிரம் பேர். 1964-ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ்க் கப்பலேறியவர்களே இவ்வீழ்ச்சிக்குப் பெரிதும் காரணர். 2012-இல் 8 லட்சத்து 39 ஆயிரம் பேர். 2024-இல் அக்கூற்றின் பெயர் 'இந்தியத் தமிழர் அல்லது மலையகத் தமிழர்' என விரிந்தது. தொகையோ ஏறத்தாழ 6 லட்சமாகச் சுருங்கிற்று. பெயரிலே மலையகம் புகுந்தபோது எண்ணிலே மலையகம் குறைந்தது!

இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர் எங்கே சென்றனர்? கப்பல் எதுவும் புறப்படவில்லை. பட்டியலின் மற்றப் பக்கத்தைப் பார்த்தால் விடை தெரியும். இதே பன்னிரண்டாண்டில் நாட்டின் மக்கட்டொகை நூற்றுக்கு 7 வீதம் பெருக, இலங்கைத் தமிழர் என்போர் 22 லட்சத்து 69 ஆயிரத்திலிருந்து 26 லட்சத்து 80 ஆயிரம் அளவுக்கு, அதாவது நூற்றுக்கு 18 வீதம், பெருகியுள்ளனர். வடக்கு கிழக்கிலிருந்து வெளிநாடு செல்வோர் தொகையையும் எண்ணிப் பார்த்தால் இது பிறப்பால் வந்த பெருக்கம் அன்று. ஒரு கூட்டிலிருந்தோர் மற்றக் கூட்டில் அடையாளமிட்டனர் என்று கொள்வதே பொருத்தம்.

கணக்கெடுப்பு நடந்த நாளில் என் பழைய மாணவன் ஒருவன், கொழும்பிற் கணக்காளனாக இருப்பவன், தொலைபேசியில் அழைத்து, "ஐயா, எதிலே போடச் சொல்லட்டும்? என் பாட்டனாரும் இங்கேயே பிறந்தவர். இந்தியர் என்று எழுத மனம் வரவில்லை; மலையகம் என்று எழுதினால் பிள்ளைகள் நாங்கள் இருப்பது வெள்ளவத்தை என்கிறார்கள்" என்றான். யான் அவனுக்கு ஒன்றும் கட்டளையிடவில்லை. தன்னை யார் என்று தானே சொல்லும் உரிமை அவனுடையது. இருநூறு ஆண்டாய் இந்த மண்ணுக்கு உரமானவர் தம்மை இலங்கையர் என்பது குற்றமாகுமா? அரசியல்வாதிகள் சிலர், "எண்ணிக்கையைக் காட்டிக் கொடுத்துவிட்டனர்" என்று இத்தகையோரைக் கடிந்து பேசுவது எனக்கு உடன்பாடன்று.

ஆயினும் திட்டமிடுவோர் இதிலே ஏமாறக் கூடாது. மலையக மக்கள் குறைந்துவிட்டனர், ஆதலின் வீடும் ஆசிரியரும் தாதியரும் அவ்வளவு குறைவாகப் போதும் என்று ஒருவர் கணக்குப் போடுவாரானால், அது அடையாளத்தை எண்ணித் தேவையை மறந்த கணக்கு. தேவை இனப்பெயரோடு ஒட்டியதன்று. இருக்கும் இடத்தோடு ஒட்டியது. வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருப்பவன் எந்தக் கூட்டில் அடையாளமிட்டாலும் அவனுக்கு லயத்துக் கூரைத் தகடு வேண்டியதில்லை. கலஹாவில் லயத்தில் இருப்பவள் இலங்கைத் தமிழர் என்று எழுதினாலும் அவள் கூரை ஒழுகுவது நிற்காது. 2019-ஆம் ஆண்டு வீட்டு வருமானச் செலவு ஆய்வு இதனைச் செம்மையாகக் காட்டியது. வறியோர் நாட்டில் நூற்றுக்கு 14 பேர், நகரத்தில் 6, கிராமத்தில் 15, தோட்டத்தில் 34. இவ்வெண்கள் இனப்படி வகுத்தவை அல்ல; துறைப்படி வகுத்தவை. துன்பம் எங்கே குவிந்திருக்கிறது என்பது தெரிந்தது.

அந்தத் 'தோட்டத் துறை' என்னும் வகுப்பும் நிலையானதன்று என்பதையும் சொல்லவேண்டும். இருபது ஏக்கருக்குக் குறையாததும், வதியும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாததுமான நிலமே தோட்டம் என்பது 2012-இல் கொண்ட வரையறை. நாட்டு மக்களில் நூற்றுக்கு நால்வருக்குச் சற்று மேற்பட்டோர் அதில் அடங்கினர். தோட்டம் துண்டாடப்பட்டால், அல்லது கம்பனி அதனைக் காடாக விட்டுவிட்டால், லயத்தில் இருப்பவர் அடுத்த கணக்கிற் கிராமத்தவராகிவிடலாம். நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் இத்தகைய கைவிடப்பட்ட தோட்டங்களைக் கண்டவர் பலர். கிராமத்தின் சராசரியில் அவர்கள் கரைந்து போவர். வறுமை குறைந்ததாக அறிக்கை வரும்.

அண்டை நாட்டைப் பார்த்து நாம் சற்று ஆறுதல் அடையலாம். இந்தியாவில் 2021-இல் எடுக்கவேண்டிய கணக்கு 2027-க்குத் தள்ளிப்போயிற்று. அங்கே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எத்தனை பேருக்கு மலிவு விலைத் தானியம் என்பது 2011-ஆம் ஆண்டுத் தொகையைக் கொண்டே வரையறுக்கப்பட்டது. அதன்பின் பெருகியோர் கோடிக்கணக்கில் உளர். ஏடு அவர்களை அறியாது. குடும்பக் கட்டுப்பாட்டிற் சிறந்த தமிழ்நாடு, அடுத்த தொகுதி வகுப்பிலே தன் இடங்களை இழக்குமோ என்று அஞ்சுகிறது. நன்றாக நடந்துகொண்டதற்குத் தண்டனையோ என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. நாம் 1981-க்குப் பின் 2012 வரை முப்பத்தோராண்டு நாடு முழுவதையும் எண்ணாமல் இருந்தோம். 2001-இல் எடுத்த கணக்கு, போர் காரணமாக வடகிழக்கிற் பெரும்பகுதியை எட்டவில்லை. அவ்வளவு காலமும் வன்னிக்கு எத்தனை மூட்டை அரிசி, எத்தனை குப்பி மருந்து என்பது மதிப்பீட்டின் மேல் நடந்தது. மதிப்பீட்டின் மேல் சண்டையும் நடந்தது. எண் இல்லாத இடத்தில் வலியவன் சொன்னதே எண் என்பதை நாம் அனுபவித்து அறிந்தோம்.

ஆசிரியர்களாகிய நமக்கு உடனே வேண்டியது வேறொரு எண். 2012-ஆம் ஆண்டில் இந்நாட்டிற் பதிவான பிறப்புகள் மூன்றரை லட்சத்துக்கு மேல். 2023-இல் இரண்டரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. சரியாகப் பதினொரு ஆண்டில் ஒரு லட்சம் பிள்ளைகள் குறைந்துவிட்டனர். முதியோர் தொகை ஏறுகிறது. 65 வயதைக் கடந்தோர் எட்டுப் பேரில் ஒருவராகிவிட்டனர். ஆசிரியரும் பாடசாலையும் மிகுதி என்னும் குரல் இனி உரத்துக் கேட்கும். இப்பொழுதே சிறிய பாடசாலைகளை மூடுவதும் இணைப்பதும் பற்றிப் பேசுகின்றனர். மாணவர் ஐம்பது பேருக்குக் குறைந்தால் ஒரு பாடசாலை ஏன் என்று கொழும்பில் இருந்து கேட்பது எளிது. சமவெளியில் இரண்டு பாடசாலைகளை இணைத்தால் பிள்ளை கூடுதலாக ஒரு கட்டை நடக்கும். இறங்கலை மலையில் இணைத்தால், அட்டை கடிக்க ஆறு கட்டை நடக்கும். சிலகாலம் நடந்தபின் நடப்பதை நிறுத்திவிடும், பெண்பிள்ளையாயின் அதனினும் விரைவில். ஐம்பது என்னும் எண்ணோடு பாதையின் தூரமும் ஏற்றமும், அடுத்த தமிழ்மொழிப் பாடசாலை எங்கே என்பதும் சேர்ந்தாலன்றி அந்த எண் பாதி எண்ணே. தோட்டத்துப் பேச்சிற் சொன்னால், அரைப் பேர்.

கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக வயதுப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு தோட்டப் பாடசாலையின் சூழலிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று அதிபர்களும் பெற்றோர் சங்கங்களும் இன்றே எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். கண்டி, கம்பளை, தெனுவரை, வத்தேகமை, கட்டுகஸ்தோட்டை ஆகிய கல்வி வலய அலுவலகங்களுக்கு அப்பட்டியலோடு செல்லலாம். வெறுங்கையோடு சென்று மன்றாடுவதினும் அது நன்று. உயர்தரக் கணித வகுப்பு மாணவர்க்கு இதனைவிடப் பயன் தரும் பயிற்சி வேறொன்று இராது. 2023-இற் பிறந்த பிள்ளைகளிற் பெரும்பாலோர் 2029-ஆம் ஆண்டு தைமாதம் முதலாம் வகுப்புக்கு வருவர். அவர்கள் எத்தனை பேர் என்பதை அறிய ஆரூடம் வேண்டியதில்லை. பிறப்புப் பதிவேட்டில் இருக்கிறது. அவ்வாண்டு அவர்களுக்குத் தமிழில் அகரம் எழுதிக் காட்ட வேண்டிய ஆசிரியர், கல்வியியற் கல்லூரியிற் பயிற்சி தொடங்கவேண்டிய காலம் வந்துவிட்டது.